மும்பையில் யாரிடம் கேட்பது?

மும்பைக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க நமக்கு யாரு இருக்கா?" தானேயில் இருந்த சொந்தக்காரர் ஒருவரும் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டார். யாரும் இல்லை என்றேன். யாரும் இல்லாத ஊருக்கு ஒரு பொம்பளை எதுக்குப் போகணும் என்றார் அம்மா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். பிள்ளைகளுக்குச் சுவர் வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டுகிற ஊரை நேரில் பார்க்க ஆசை, அரையாண்டு விடுமுறை, கையில் கொஞ்சம் காசு. வேறு காரணம் இல்லை.

போய்வந்த பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத ஊரில் தெரிந்தவர் இல்லாதது அப்படியொன்றும் பெரிய குறை இல்லை. யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று தெரிந்தால் போதும். ஓர் இடத்தில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டும். பூக்கட்டுகிறவர், பேப்பர் கடைக்காரர், டீக்கடைக்காரர். நாளைக்கும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள், நமக்குத் தப்பான வழி சொல்லி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கேள்வியும் அவர்கள் கைவேலையை நிறுத்தாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். மும்பையில் யாருக்கும் நேரம் இல்லை என்பார்கள். அரை நிமிஷம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த அரை நிமிஷத்துக்குள் முடிகிற மாதிரி கேட்கத் தெரிய வேண்டும்.

நேர் வண்டியில் இடம் கிடைக்காததால் சென்னை வந்து அங்கிருந்து மும்பை வண்டி பிடித்தேன். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர், புனே என்று ஏறக்குறைய ஒரு முழு நாள் ஓடுகிற வழி. எதிர் சீட்டில் டோம்பிவிலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா. குண்டக்கல் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் புளியோதரையைப் பிரித்தார், நான் நார்த்தங்காய் ஊறுகாயை நீட்டினேன், அவ்வளவுதான். சோலாப்பூர் தாண்டும் வரை அவர் வாய் ஓயவில்லை. கல்யாணமாகிப் போன நாள் முதல் மும்பை லோக்கலில் வேலைக்குப் போகிறவர். அவர் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். இணையத்தில் நான் படித்துவைத்திருந்த குறிப்புகளைவிட அந்த நாலு பக்கம்தான் அங்கே உதவியது.

"எந்த அட்ரஸ் சொன்னாலும் முதல்ல ஸ்டேஷன் பேரைக் கேளு. அடுத்தது ஈஸ்ட்டா வெஸ்ட்டான்னு கேளு. இது ரெண்டும் இல்லேன்னா அது அட்ரஸே இல்ல." தண்டவாளம் ஊரை வடக்கும் தெற்குமாக நெடுக வகிர்ந்துகொண்டு போகிறது. தப்பான பக்கம் வெளியே வந்துவிட்டால் திரும்பப் படியேறிப் பாலம் கடக்க வேண்டும். வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டிலிருந்து கிளம்புகிறது, சென்ட்ரலும் ஹார்பரும் சிஎஸ்எம்டி என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து. வெஸ்டர்னிலிருந்து சென்ட்ரலுக்கு மாற தாதர், சென்ட்ரலிலிருந்து ஹார்பருக்கு மாற குர்லா. காலையில் ஊரே தெற்கே போகிறது, சாயங்காலம் வடக்கே திரும்புகிறது. "நீ வேலைக்காப் போற? எதிர்ப்பக்கம் போற மாதிரி உன் நாளை வச்சுக்கோ, உட்கார்ந்தே போகலாம்" என்றார். விரார் ஃபாஸ்டில் ஏறி போரிவலியில் இறங்க நினைக்காதே, உள்ளே இருக்கிறவர்கள் இறங்க விடமாட்டார்கள் என்றும் எச்சரித்தார். தூரமாகப் போகிறவர்களின் வண்டியில் கிட்டத்தில் இறங்குகிறவர் ஏறி இடத்தை அடைத்தால் அங்கே சண்டைதான்.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் பழசு, தாதர் பிளாட்பார எண். முன்பு வெஸ்டர்னிலும் ஒன்றாம் எண், சென்ட்ரலிலும் ஒன்றாம் எண் என்று குழப்பமாக இருந்ததை 2023 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள். வெஸ்டர்னுக்கு 1 முதல் 7, சென்ட்ரலுக்கு 8 முதல் 14. அங்கேயே வாழ்கிறவர்கள் வாயில் இன்னும் பழைய எண்தான் வருகிறது. தாதரில் யாராவது எண் சொன்னால் போர்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா கல்யாணில் இறங்கினார். ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வா என்று போன் நம்பர் கொடுத்தார். நான் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. ரயில் சிநேகம் என்று நாம் இளக்காரமாகச் சொல்கிறோம். எனக்கென்னவோ அதற்குரிய மரியாதை அதை ரயிலோடு விட்டுவிடுவதில்தான் இருக்கிறது.

தாதரில் இறங்கி, செயலி மூலம் பதிவு செய்திருந்த லாட்ஜுக்குப் போனால் வரவேற்பில் இருந்தவர் ஆதாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சிங்கிள் லேடியா? உள்ளூர்க்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும்" என்றார். அப்படி ஒரு சட்டம் கிடையாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பெட்டியோடு நின்று சட்டம் பேசி ஜெயித்து உள்ளே போனாலும், ராத்திரி அந்தக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? பணத்தைத் திரும்பக் கேட்டு அங்கேயே செயலியில் புகார் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நிலையத்து வாசலில் பேப்பர் கடை. ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். பிராத்மிக் பாஸ் பண்ணியதோடு நின்றுபோன என் ஹிந்தியில், தனியாக வந்திருக்கிறேன், பெண்கள் தங்க நல்ல இடம் எங்கே என்று கேட்டேன். அவர் பேப்பர் மடிப்பதை நிறுத்தாமலே, "மும்பை சென்ட்ரல், ஸ்டேஷன் கே அந்தர்" என்றார். 2021-இல் திறந்த பாட் ஹோட்டலைத்தான் சொன்னார். நிலையக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 48 பாட், அதில் சில பெண்களுக்கென்று தனியாக. ரயில் பெர்த்துக்குக் கதவு போட்ட மாதிரி ஒரு படுக்கை, விளக்கு, பூட்டி வைக்க ஓர் அலமாரி. ஜன்னல் கேட்கிறவர்களுக்கும், கை காலை விரித்துப் படுக்கிறவர்களுக்கும் சரிப்படாது. எனக்கு அது போதும். பக்கத்துப் படுக்கையில் நேர்முகத் தேர்வுக்கு வந்த நாக்பூர்ப் பெண், எதிரில் ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் அம்மாவும் மகளும். நள்ளிரவில் வெளியே போனாலும் திரும்பினாலும் நிலையத்தின் விளக்கும் ரயில்வே போலீசும் இருக்கும். தனியாக வருகிற பெண்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து சிஎஸ்எம்டியில் ஓய்வறையும் கேட்டுப் பார்க்கலாம். எதையும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் மும்பை சென்ட்ரலிலிருந்து மாட்டுங்கா ரோடுக்கு ஸ்லோ வண்டி. கூட்டத்துக்கு எதிர்த்திசை. பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று தேட வேண்டாம், பிளாட்பாரத்தில் பெண்கள் கூடி நிற்கிற இடத்தில் போய் நின்றால் போதும். உட்கார இடம் இல்லை, ஆனால் நெரிசலும் இல்லை. மூன்று பேர் உட்கார்கிற பலகையில் நாலாவதாக ஒருவர் ஓரத்தில் ஒட்டிக்கொள்வது அங்கே எழுதாத சட்டம். "தோடா", அதாவது கொஞ்சம், என்று கையைச் சற்று அசைத்தால் மூவரும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்கள். பாதி உடம்பு பலகையில், பாதி அந்தரத்தில். அது போக இன்னொரு வழக்கமும் உண்டு. உட்கார்ந்திருக்கிறவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு, தாதர் என்று அவர் சொன்னால் தாதரில் அந்த இடம் கேட்டவருக்குப் பதிவாகிவிடும். அடுத்து வந்து கேட்கிறவரிடம் அவரே, "இவங்களுக்குச் சொல்லியாச்சு" என்று கை காட்டிவிடுவார்.

லோயர் பரேலில் ஒரு பெண் ஏறினார். தோளில் கம்பிச் சட்டம், அதில் அடுக்கடுக்காகக் கம்மல், கிளிப், ரப்பர் பேண்ட். சட்டத்தைக் கழற்றி முதல் வரிசையில் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் நின்றுகொண்டார். அது மடி மடியாக உள்ளே போனது. ஜன்னலோரம் இருந்தவர் ஒரு ஜோடி கம்மலைக் கழற்றிக்கொண்டு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். நோட்டு ஆறேழு கை மாறி வாசலுக்குப் போய், மீதிச் சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வந்தது. இடையில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே வாங்கி, பார்க்காமலே அடுத்தவருக்குக் கொடுத்தார். என் கை வழியாகவும் அந்தச் சில்லறை போனது. ரயிலில் விற்பது சட்டப்படி தப்பு என்பதால் பிரபாதேவியில் போலீஸ் தலை தெரிந்ததும் கம்மல் மாட்டிய அந்தக் கம்பிச் சட்டம் ஒரு துப்பட்டாவுக்குள் மறைந்தது. மறைத்தவர் அவருக்குத் தெரிந்தவர் இல்லை, ஆபீஸ் போகிற யாரோ ஒருவர்.

மாட்டுங்கா ரோட்டில் இறங்கி, ரயில்பாதைக்கு மேலே வளைந்து போகிற இசட் பிரிட்ஜில் கிழக்கே நடந்தால் சென்ட்ரல் லைனின் மாட்டுங்கா நிலையம். 2017-இல் முழுக்கப் பெண் ஊழியர்களிடம் விட்ட நிலையம் அது, இந்தியாவில் முதல் முறை. அங்கிருந்து தமிழ் தொடங்கிவிடுகிறது. வாழை இலைக்கட்டு, மாவிலை, மல்லிச் சரம், காப்பிப் பொடி அரைக்கிற வாசனை, கொச்சு குருவாயூர் கோயில். நம் ஊர்க் கடைத்தெருவில் யாரோ மராத்திப் போர்டை மாட்டிவைத்துவிட்டதாகத் தோன்றும்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸில் வாசலில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. நாலு பேராக வந்த குடும்பம் காத்துக்கொண்டிருக்க, ஒற்றை ஆளை எங்காவது காலியாக இருக்கிற நாற்காலியில் சொருகிவிடுகிறார்கள். என்னை உட்கார வைத்த மேசையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ரசவடையைக் கரண்டியால் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுப் பூர்வீகம், வங்கி வேலை, மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் கேட்டது, கச்சேரி நடக்கிற சண்முகானந்தா ஹால் நடந்து போகிற தூரம்தானா என்று மட்டும்தான். வழியோடு வரலாறும் வந்தது. சபா தொடங்கியது 1952, ஹால் திறந்தது 1963, 1990-இல் தீப்பிடித்து எரிந்தது, திரும்பத் திறக்க 1998 ஆகிவிட்டது. "அந்த எட்டு வருஷம் எங்களுக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரி" என்றார். சிவசேனா தொடங்கிய 1966-ஐ ஒட்டிய வருஷங்களில் மதராசிகளுக்கு எதிராக நடந்த ரகளையில் உடுப்பி ஹோட்டல் கண்ணாடிகள் உடைந்ததையும் சொன்னார். "அப்பா வெளியில தமிழ் பேப்பரை மடிச்சுப் பைக்குள்ள வச்சுப்பார். இப்போ பாருங்கோ, அதே பசங்க வரிசையில நின்னு இட்லி சாப்பிடறா." பக்கத்து மேசையில் மராத்தியில் பேசிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் சாம்பாருக்காகக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போகும்போது என் பில்லையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் பார்த்தார். வேண்டாம் சார் என்று வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. தெரியாதவர் சொல்கிற வழியை வாங்கிக்கொள்ளலாம், செலவை வாங்கிக்கொள்ளக் கூடாது. அவர் மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. அவர் கிளம்பிப் போன பிறகு யாருக்கும் கடன்படாமல் நானும் எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டுகிற அக்காவைச் சந்தித்தது அதற்கப்புறம். ஒரு முழம் வாங்கிக்கொண்டு, செம்பூர் முருகன் கோயிலுக்கு இங்கிருந்து எப்படிப் போவது என்று கேட்டேன். நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே, "டாக்சியில ஜிடிபி நகர் போ. ஹார்பர் லைன், பன்வேல் பக்கம் போறது. செம்பூர்ல எறங்கு. ஆறு மணிக்கு மேல போவாத" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு? பேச்சு நம்ம பக்கம் மாதிரி இருக்கு." அவர் அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். நாளைக்குக் காலையில வா, தாராவியைக் காட்டுகிறேன் என்று அவரே சொன்னார்.

டாக்சி பற்றி ஒரு வார்த்தை. பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோ கிடையாது, கருப்பு மஞ்சள் டாக்சிதான். 2025 பிப்ரவரி முதல் டாக்சிக்குக் குறைந்த கட்டணம் 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26. மீட்டர் போடுங்கள் என்று சொல்லவே தேவையில்லை, அவர்களாகவே போடுகிறார்கள். சென்னையில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிப் பழகிய நமக்கு, இறங்கும்போது ஐந்து ரூபாய்ச் சில்லறையைத் தேடி எடுத்துத் தருகிற டிரைவரைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருக்கும்.

ஹாலைப் பார்த்துவிட்டு வர நேரமாகிவிட, ஜிடிபி நகரில் நான் ஏறியது சரியாகப் பூக்கார அக்கா வேண்டாம் என்ற நேரத்தில். பெண்கள் பெட்டியின் வாசலில் கால் வைக்க இடமில்லை. உள்ளே கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தார். என் முதுகுப் பையைச் சுட்டி, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பையைக் கழற்றி முன்னால் மாட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து ஓர் இழுப்பு. உள்ளே இருந்தேன். "கஹாங்?" என்றார். செம்பூர் என்றேன். முன்னால் நின்றவர் தோளைத் தட்டி, "செம்பூர்?" அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தோளைத் தட்டினார். இரண்டு மூன்று தோள் தாண்டி "ஹாங்" என்று ஒரு குரல். உடனே என்னை ஆளுக்கொரு கை வைத்து நகர்த்தி, அந்தக் குரலுக்குரியவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். குர்லாவில் பெட்டியே புரண்டு அடித்தது, இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே நேரத்தில். முன்னால் நின்றவர் கையைப் பின்னால் நீட்டி என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். திலக் நகர் தாண்டியதும் வாசலுக்கு நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். செம்பூரில் இறங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் படியேறிப் போய்விட்டார். முகம்கூட எனக்கு நினைவில்லை, பின்னல் நினைவிருக்கிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரை மட்டும் கேள்வியாகச் சொன்னால் போதும், மொழி தேவையில்லை. அதே நிலையத்தில் இறங்குகிற ஒருவரைக் கண்டுபிடித்து அவர் பின்னால் நின்றுகொண்டால் பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்ற கவலையும் இல்லை. நன்றி சொல்ல நின்றால் பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள்.

மறுநாள் காலையில் தாராவி. 90 அடி சாலையில் ஏழு மணிக்கே கடைகள் பாதி திறந்திருந்தன. சந்துக்குள்ளிருந்து சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. பின்னால் அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, பக்கத்தில் சட்னி வாளி, கைப்பிடியில் ஹாரன். மும்பைத் தெருக்களில் அந்த ஹாரன் கேட்டால் இட்லி அண்ணா வந்துவிட்டார் என்று அர்த்தம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே அவிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பூக்கார அக்காவுக்குத் தெரிந்த வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் குனிந்து நிற்கிற இடத்தில் ஆளுயரத்துக்கு அடுக்குப் பாத்திரம், ஆவி வெளியே தெரு வரை வந்தது. கடைசித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அண்ணன், "சாப்பிட்டுப் போங்க" என்றாரே தவிர பேச நேரமில்லை. நானும் நிற்கவில்லை.

நம் ஆட்கள் பலர் இங்கே வந்தது தோல் பதனிடும் வேலைக்கு. சற்றுத் தள்ளி கும்பார்வாடாவில் சௌராஷ்டிராவிலிருந்து வந்த குயவர்கள் தலைமுறைகளாகப் பானை செய்கிறார்கள். அங்கே போகும்போது வெளிநாட்டுக்காரர்கள் சிலர் ஒரு வழிகாட்டியோடு வந்தார்கள். கேமராவை எல்லோரும் உள்ளே வைத்திருந்தார்கள், படம் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஏற்பாடு. அதுதான் சரி. வாசலில் துணி துவைக்கிறவரைக் கேட்காமல் படம் எடுக்க நமக்கு என்ன உரிமை? நானும் போனைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அக்காவின் வீட்டுப் பக்கம் ஒரு பெரியம்மா பிடித்து உட்கார வைத்தார். வரக்காப்பி கொடுத்தார். எந்த ஊரு என்றார், சொன்னேன். முகம் மலர்ந்தது. அவர் கொழுந்தன் பெண் கொடுத்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம்தானாம். அப்புறம் வந்தது அடுத்த கேள்வி: "கோவில்பட்டியில எங்கன? எந்தத் தெரு?" இதே கேள்வியை முதல் நாள் கஃபே மெட்ராஸில் அந்தப் பெரியவரும் வேறு பாஷையில் கேட்டார். ஊர் கேட்பது பாசம். தெரு கேட்பது எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், வேற்று மொழிக்காரர்களுக்கு நடுவில், தமிழ் கேட்டாலே கண் விரிகிறவர்கள்கூட அந்த ஒரு கேள்வியை மட்டும் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால" என்பேன். எல்லா ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எல்லோரும் இருக்கிறார்கள். பெரியம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, "மழை பெஞ்சுதா?" என்று பேச்சை மாற்றினார். கெட்டிக்காரி. தமிழ் பேசுகிறவர் என்பதால் மட்டும் ஒருவரிடம் எல்லாவற்றையும் திறந்து கொட்ட வேண்டியதில்லை. காப்பி நன்றாக இருந்தது, பேச்சும் நன்றாக இருந்தது, தெரு என்னோடு இருந்தது.

தமிழே தூண்டிலாகவும் வரும். சிஎஸ்எம்டி வாசலில் வீட்டுக்குப் போன் பேசி முடித்ததும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "தமிழா சிஸ்டர்? பர்ஸை அடிச்சுட்டாங்க. நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் காசு மட்டும் குடுத்தா போதும், ஊருக்குப் போனதும் ஜிபே பண்ணிடறேன்." சட்டை சுத்தம், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. உண்மையாகவும் இருக்கலாம். வாங்க, கவுன்ட்டரில் நானே டிக்கெட் எடுத்துத் தருகிறேன், பக்கத்திலேயே ரயில்வே போலீஸில் பர்ஸ் தொலைந்ததையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். கவுன்ட்டர் வரிசை வரை வந்தார். போலீஸ் அறைப் பக்கம் நான் திரும்பியதும் ஆளைக் காணோம். நானாகப் போய்க் கேட்டவர்கள் ஒருவர்கூட என்னிடம் எதையும் கேட்கவில்லை. தானாக வந்து ஒட்டியவரிடம் மட்டும் ஒரு கதை இருந்தது. காசாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுப்பேன் என்பதும், வெளிச்சமும் போலீசும் இருக்கிற பக்கம் நடத்திக்கொண்டு போவதும் எந்த ஊருக்கும் பொருந்துகிற பரீட்சை. ரயில் சம்பந்தமான எதற்கும் 139, அவசரத்துக்கு 112. இரண்டையும் போனில் முதலிலேயே பதிந்துவைத்திருந்தேன், கூப்பிடும்படி ஒன்றும் நேரவில்லை.

ஊர் சுற்றிப் பார்த்த கதை பெரிதாக இல்லை. கேட்வே, மரீன் டிரைவ், எல்லோரும் பார்ப்பதுதான். பெண்களுக்குப் பயன்படுகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். தெருவில் கழிப்பறை தேடி அலையாதீர்கள். நிலையங்களில் கட்டணக் கழிப்பறை இருக்கிறது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஏதாவது உடுப்பி ஹோட்டலில் ஒரு காப்பி சொல்லிவிட்டு உள்ளே போகலாம். மழைக்காலத்தில் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும். குர்லா, சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரலும் ஹார்பரும் நின்றுபோகும் என்று எல்லோரும் சொன்னார்கள். டிசம்பர், ஜனவரி சுகமான காலம். ராத்திரி மெல்லிய போர்வை போதும்.

கிளம்புகிற அன்று பூக்கார அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பொங்கலுக்கு வந்திருக்க வேண்டும் நீ என்றார். 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிடுவது தாராவியில் பேர்போனது. அடுத்த வருஷம் வருகிறேன் என்றதும், "சும்மா வராத, பனங்கிழங்கு கொண்டா. இங்க கிடைக்கறது வெறும் நாரு" என்றார்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆகவே நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். பொங்கலுக்கு முந்தின வாரம் கூட்டமெல்லாம் மும்பையிலிருந்து ஊருக்கு வருகிற பக்கம்தான், போகிற பக்கம் இடம் கிடைத்துவிடும். திரும்பி வருவதுதான் சிக்கல். கிழங்கை அவித்து எடுத்துப்போனால் வழியிலேயே ஊசிப்போகும். பச்சையாகவே கட்டிச் சாக்கில் போட்டு சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, தாராவியில் போய் அவித்துக்கொள்ளலாம்.